வீடு எங்கே கட்டுவது?

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் - இயற்பியல்)

அமெரிக்க நாட்டின் ஒக்லஹோமா மாநிலத்தில் மூர் என்றொரு சிறு நகரம் உண்டு. 1999 மே 3-ஆம் நாள் டொர்னாடோ எனப்படும் சுழற்காற்று அந்நகரின் வீடுகளைத் துடைத்தெறிந்தது. 2003-இல் மீண்டும் ஒன்று. 2013 மே 20-இல் மற்றொன்று. அதில் 24 பேர் மாண்டனர். இத்தனைக்குப் பிறகும் ஊர் காலியாகவில்லை. 2000-இல் 41 ஆயிரமாக இருந்த மக்கள்தொகை 2020-இல் 62 ஆயிரத்தைத் தாண்டிவிட்டது! நூலகத்தில் இதைப் படித்துக் காட்டியபோது, "அறிவில்லாத சனங்கள்" என்றாள் தோழி. எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. நான் வேதாரண்யத்தை அடுத்த சிற்றூரில் பிறந்தவள்.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் எங்கள் பக்கம் கரை கடந்தது. பள்ளிக்கூடக் கட்டடத்தில் இரவைக் கழித்துவிட்டுத் திரும்பினால், வீட்டுக்குச் சுவர் இருந்தது, கூரை இல்லை. அன்று போட்ட தகரமும் தார்ப்பாயும்தான் இன்றும் எங்கள் தலைக்கு மேல். இவ்வாண்டுதான் தந்தையார் கையில் வீடு கட்டுமளவு சிறு தொகை சேர்ந்திருக்கிறது. எங்கே கட்டுவது என்பதில்தான் சிக்கல்.

"கடல் பக்கமே வேணாம் மாப்பிள்ளை. மன்னார்குடிப் பக்கம் மனை பார்த்துத் தர்றேன்" என்கிறார் தாய்மாமன். "மன்னார்குடியில எனக்கு யாரு உப்பளம் வெட்டி வச்சிருக்கா மச்சான்?" என்கிறார் தந்தையார். கடைசியில், "படிச்ச புள்ள சொல்லட்டும்" என்று இருவரும் என் பக்கம் திரும்பிவிட்டார்கள். குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். இயற்பியல் படித்தால் புயலின் மனமும் தெரியும் என்பது அவர்கள் நம்பிக்கை!

எனக்குத் தெரிந்த மட்டில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். டொர்னாடோ அழிக்கும் பாதை பெரும்பாலும் ஓரிரு கிலோமீட்டர் அகலம்கூட இராது. எச்சரிக்கைக்கும் அடிக்கும் இடையே சில நிமிடங்களே. எந்தத் தெருவில் இறங்கும் என்று எவராலும் சொல்ல இயலாது. ஆகையால் தெரு மாறிக் குடியேறிப் பயனில்லை. வீட்டைத்தான் மாற்ற வேண்டும். மூர் நகராட்சியும் அதைத்தான் செய்தது. மணிக்கு 217 கிலோமீட்டர் காற்றைத் தாங்குமாறு புது வீடுகள் கட்டப்பட வேண்டும் என்று 2014-இல் விதி கொண்டுவந்தது.

நம் புயலோ நாள்கணக்கில் முன்னறிவித்து வருவது. பல மாவட்டங்களை ஒருசேர அடிப்பது. அதன் கையில் ஆயுதம் இரண்டு: காற்று, கடல்நீர். 1977 நவம்பர் 12-இல் நாகைக்குத் தெற்கே கரை கடந்த புயலை எங்கள் அப்பாயி இன்றும் கதையாகச் சொல்வார். அடுத்த வாரமே, 19-ஆம் நாள், ஆந்திரத்தின் திவிசீமைப் பகுதியில் இன்னொரு புயல். அங்கே பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். பெரும்பாலோரைக் கொண்டுபோனது ஊருக்குள் ஏறிய கடல். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்ததும் நீரே.

காற்றை முதலில் பார்ப்போம். மணிக்கு 120 கிலோமீட்டர் வேகக் காற்றின் அழுத்தம் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 68 கிலோ எடைக்குச் சமம். பெர்னூலி தேற்றப்படி கூரைமேல் விரையும் காற்று அதை மேல்நோக்கி இழுக்கும். (இந்தத் தேற்றத்தைத் தேர்வுக்காக உருப்போட்டபோது எங்கள் வீட்டுக் கூரை நினைவுக்கே வரவில்லை!) ஆஸ்பெஸ்டாஸ் தகட்டின் எடை அதில் கால் பங்குகூட வராது, பிறகு பறக்காமல் என்ன செய்யும்? வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்கு. மாமா சொல்லும் மன்னார்குடி இதற்குத் தப்பியதா? இல்லை. கஜா அங்கும் தென்னைகளைச் சாய்த்தது. காற்றுக்கு மருந்து கான்கிரீட் கூரை. அதை எந்த ஊரிலும் போடலாம்.

நீருக்கு அம்மருந்து செல்லாது. எங்கள் பழைய மனை உப்பளத்தை ஒட்டிய தாழ்வு. சாதாரண ஐப்பசி மழைக்கே வாசலில் முழங்கால் தண்ணீர். ஆனால் எங்கள் பகுதியில் பழைய மணல்மேடுகள் நீளநீளமாகக் கிடக்கின்றன. ஊர்க் கோயிலும் பள்ளிக்கூடமும் அந்த மேட்டில்தான். அங்கே ஒரு துண்டு மனை விலைக்கு வருகிறது. உப்பளத்துக்குச் சைக்கிளில் கால்மணி நேரம். மன்னார்குடிக்குப் போனால் தந்தையார் கூலிக்கு ஆள் தேட வேண்டும், அல்லது தினமும் பேருந்துக்கே சம்பளத்தைக் கொடுக்க வேண்டும். என்றோ வரும் புயலுக்காக அன்றாடச் சோற்றை விடச் சொல்ல எனக்கு மனமில்லை.

"மேட்டுல கட்டுவோம்பா, சின்னதா, கான்கிரீட் போட்டு" என்றேன். தந்தையார் நெடுநேரம் பேசவில்லை. பழைய மனை அவருடைய தகப்பனார் தென்னை வைத்த மனை. கஜாவுக்குப் பின் அதில் மிஞ்சியவை மூன்று. மேட்டு மனைக்கு விலை கொடுத்தபின் கையிருப்பில் இரண்டு அறைதான் எழும்பும். அக்காளின் திருமணத்துக்கு வைத்திருப்பதைத் தொட மாட்டேன் என்றும் சொல்லிவிட்டார்.

சென்ற ஞாயிறு கயிறு பிடித்து அளந்தோம். பதினாறடிக்கு இருபத்திரண்டடி வருகிறது. மாமாவும் வந்திருந்தார், கடைக்கால் இன்னும் இரண்டடி உயரட்டும் என்று மட்டும் சொன்னார். மாட்டுக் கொட்டகை எங்கே என்று அப்பாயி கேட்டுக்கொண்டிருக்கிறார். தை பிறந்ததும் வேலை தொடங்கும்.