எட்டுக் கட்டம்

நிரம்பிய அட்டவணையைப் பார்த்தால் எனக்கு ஒரு சந்தோஷம் வரும். வெளியில் சொல்லிக்கொள்கிற மாதிரியான சந்தோஷம் இல்லை அது. ரயில் கால அட்டவணையோ வீட்டுக் கணக்கு நோட்டோ, எங்காவது ஒரு கட்டம் வெறுமையாகக் கிடந்தால் பேனா தானாக அங்கே போய்விடும். இந்தக் குணத்தோடுதான் ஸ்வீடிஷ் பெயர்ச்சொற்களுக்கு அட்டவணை போடப் போனேன்.

வேலைக்காக கோத்தன்பர்க் வந்த புதிதில், புதிதாகக் குடியேறுபவர்களுக்கு நகராட்சி இலவசமாக நடத்தும் மாலை வகுப்பில் ஸ்வீடிஷ் படித்துக்கொண்டிருந்தேன். படித்தது மறந்துவிடக் கூடாதே என்று விக்சனரியில் எழுத ஆரம்பித்தேன். யார் வேண்டுமானாலும் சொல் சேர்க்கலாம், திருத்தலாம், அடுத்தவர் எழுதியதை அழிக்கவும் செய்யலாம் என்ற ஏற்பாட்டில் 2002 முதல் வளர்ந்துவரும் அகராதி அது. பொருள் எழுதுகிற அளவுக்கு எனக்கு மொழி வரவில்லை. நிரல் எழுத வரும். ஆகவே அட்டவணை என் பங்காயிற்று.

ஸ்வீடிஷ் பெயர்ச்சொல் என் மாதிரி ஆளுக்கென்றே அமைந்தது. ஒருமை, பன்மை இரண்டிலும் 'ஏதோ ஒரு கார்' என்பதற்கு ஒரு வடிவம், 'அந்தக் கார்' என்பதற்கு ஒரு வடிவம். அந்த 'அந்த' சொல்லுக்கு முன்னால் வராது, வாலில் ஒட்டிக்கொள்ளும். பீல் என்றால் கார். பீலென், அந்தக் கார். பீலர், கார்கள். பீலர்னா, அந்தக் கார்கள். (எழுத்தில் ர், ன் இரண்டும் இருக்கும். ஆனால் தெற்கு ஓரத்தை விட்டால் நாட்டின் பெரும்பகுதியில் அது நம்முடைய ணகரமாகத்தான் ஒலிக்கும், பீலணா என்று. வகுப்பில் மற்றவர்கள் நாக்கைச் சுழற்றிக்கொண்டிருக்க, நான் மட்டும் சும்மா உட்கார்ந்திருந்த ஒரே பாடம் அதுதான்.) இந்த நான்கோடு 'உடைய' என்று பொருள்படும் ஸ் சேர்ந்தால் இன்னொரு நான்கு. ஆக எட்டுக் கட்டம். பன்மை விகுதியை வைத்துச் சொற்களை ஐந்து வகையாகப் பிரித்துச் சொல்லித்தருவார்கள்: ஒர், அர், எர், ன், பிறகு விகுதியே இல்லாத வகை. வகைக்கு ஒரு வார்ப்புரு செய்தால் போதும். 'ஃபிளிக்' என்று அடிச்சொல்லை மட்டும் தட்டினால் ஃபிளிக்கா, ஃபிளிக்கன், ஃபிளிக்கொர், ஃபிளிக்கொர்னா என்று சிறுமியைக் குறிக்கும் சொல்லின் எல்லா வடிவங்களும் வரிசையாக வந்து உட்காரும். அந்த மாலைகளில் எனக்கு இரவுச் சாப்பாடு நினைவுக்கு வந்ததே இல்லை.

அன்றைய வார்ப்புருக்களுக்கு ஒரு குறை உண்டு. ஒட்டத் தெரியும், வெட்டத் தெரியாது. சாவி என்ற பொருள்கொண்ட நிக்கெல் பன்மையில் நிக்லர் ஆகும், நடுவில் உள்ள எகரம் விழுந்துவிடும். எங்கே வெட்டுவது என்பதை எழுதுகிற ஆள்தான் சொல்ல வேண்டும். 2013-இல் விக்கித் தளங்களுக்கு லுவா நிரல்மொழி வந்த பிறகுதான் சொல்லைப் பிரித்துப் பார்க்கும் வசதி கிடைத்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. இனி சொல்லின் கடைசி எழுத்துகளைப் பார்த்தே நிரல் எட்டு வடிவத்தையும் போட்டுவிடும், ஆள் வாயே திறக்க வேண்டியதில்லை என்று நினைத்தேன்.

அப்போதுதான் 'மன்' வந்தது. ஒரே எழுத்துக்கூட்டலில் இரண்டு சொல். குறிலாகச் சொன்னால் ஆண், நெடிலாகச் சொன்னால் குதிரையின் பிடரிமயிர். தமிழில் மன், மான் என்று எழுதிக் காட்டிவிடலாம். ஸ்வீடிஷில் இரண்டும் ஒரே மாதிரிதான் எழுதப்படும். ஆண் என்றால் மன், மன்னென், மென் என்று போகும். பிடரி என்றால் மான், மானென், மானர். போதாததற்கு, படையில் தலை எண்ணும்போது 'ஐம்பது மன்' என்று பன்மை ஏற்காமலே நிற்கும். தலைவன் தன் ஆட்களைச் சொல்லும்போது மன்னர் ஆகிவிடும், நம் மன்னர் இல்லை. எந்த எழுத்தைப் பார்த்து நிரல் இதைத் தீர்மானிப்பது?

இதெல்லாம் கூடப் பரவாயில்லை. முரண்டு பிடிக்கும் சொல்லுக்குத் தனியாக ஒரு வழி செய்துவிட்டு அடுத்ததற்குப் போகலாம். என்னை நிறுத்தியது மிகச் சாதுவான ஒரு சொல். மியோல்க், பால்.

பாலுக்குப் பன்மை வழக்கில் இல்லை. என் வார்ப்புருவுக்கு அது தெரியாது. அர் வகை என்று யாரோ குறித்துவிட்டிருந்ததால் 'மியோல்கர்' என்று பன்மை போட்டிருந்தது. பொதுவாக இப்படிப் பிறக்கும் போலி வடிவம் சிவப்பு இணைப்பாகத் தெரியும், அப்படி ஒரு பக்கமே இல்லை என்று அர்த்தம். பார்க்கிறவருக்கு ஒரு சந்தேகமாவது வரும். மியோல்கர் நீலமாக இருந்தது. 'பால் கறக்கிறார்' என்ற வினைக்கும் அதே எழுத்துகள்தான், அந்தப் பக்கத்தை யாரோ முன்பே எழுதிவைத்திருந்தார்கள். இல்லாத பன்மை ஒன்று இருக்கிற வினையின் தயவில் நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருந்தது.

அதைக் கண்டுபிடித்தவர் ஓய்வுபெற்ற நூலகர் ஒருவர். எங்கள் ஊரில் இந்த வேலை செய்கிற சிலர் அவ்வப்போது காபிக்குச் சந்திப்போம், அங்கே சொன்னார். என் அப்பாவைவிட மூத்தவர். ஆனால் 1960களின் கடைசியிலிருந்து இந்த நாட்டில் எல்லாருக்கும் எல்லாரும் 'நீ'தான்.

"உன் அட்டவணையில் 'இல்லை' என்று எப்படிச் சொல்வது?" என்று கேட்டார்.

"காலியாக விட்டுவிடலாம்."

"காலி என்றால் அப்படி ஒரு வடிவம் கிடையாது என்றா, இன்னும் யாரும் எழுதவில்லை என்றா?"

பதில் சொல்வதற்குள் எழுந்துபோய் எங்கள் இருவருக்கும் காபி கேட்டார். 'த்வோ காஃபே', இரண்டு காபி. பானம் என்ற அளவில் காஃபே அஃறிணைப் பாங்கான இலக்கணப் பாலைச் சேர்ந்தது, 'அந்தக் காபி' காஃபெத் ஆகும். கடையில் கோப்பையாகக் கேட்கும்போது அந்தப் பால் மாறி 'என் காஃபே' (ஒரு காபி) ஆகிவிடும், இரண்டு கேட்டால் விகுதியே சேராது. நாமும் 'ரெண்டு காபி' என்றுதானே சொல்கிறோம். 'காபிகள்' என்று கேட்டால் சரவணபவன் சப்ளையர் நிமிர்ந்து பார்ப்பார். தாய்மொழியில் தினமும் செய்கிற காரியத்தை அடுத்த மொழி செய்யும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பன்மைக் கட்டம் இருக்கிறது, ஆகவே பன்மை இருக்கும் என்று நம்பியிருக்கிறேன்.

அதன் பிறகு வார்ப்புருவை அடியிலிருந்து மாற்றி எழுதினேன். வழக்கில் இல்லாத வடிவத்துக்கு ஒரு கோடு. தெரியாத வடிவத்துக்கு, தெரிந்தவர் நிரப்பலாம் என்ற குறிப்பு. ஆள் வகையைச் சொல்லாவிட்டால் நிரல் எதையும் ஊகிக்காது, பேசாமல் நிற்கும். ஒரு கட்டத்துக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட வடிவங்கள் வைக்கவும் இடம் செய்தேன். வானத்துக்கு அது தேவைப்பட்டது. ஹிம்மெல் என்ற சொல்லுக்கு 'அந்த வானம்' ஹிம்மெலென், ஹிம்லென், ஹிம்மெல்ன் என்று மூன்று விதமாக வரும், மூன்றும் சரி. சந்தேகம் வந்தால் ஸ்வீடிஷ் அகாதெமியின் சொற்பட்டியலைப் பார்ப்போம். 1874-இல் முதல் பதிப்பு வந்த நூல் அது. 2015-இல் வந்த 14-ஆம் பதிப்பில் சுமார் 1,26,000 சொற்கள். பல பொருட்பெயர்களுக்கு ஒருமை ஈற்றை மட்டும் கொடுத்துவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடும். அச்சுத்தாள் மிச்சம் பிடிக்கிறார்கள் என்று ஆரம்பத்தில் நினைத்திருந்தேன்.

கோடு போடுகிற பழக்கம் எனக்குச் சுலபத்தில் வரவில்லை. பால், வெண்ணெய், மணல் என்று பாதி கோடாக நிற்கும் அட்டவணைகளைப் பார்க்கும்போது இப்போதும் கை பரபரக்கும். ஆனால் கோடு போடப் போட, நிரம்பிய கட்டங்கள் மீதே சந்தேகம் வந்துவிட்டது. முக்கியமாக அந்த ஸ் வரிசை. அன்னாவும் கரினும் அக்கா தங்கை என்றால், அவர்களுடைய அம்மா 'அன்னா ஒக் கரின்ஸ் மம்மா'. ஸ் கடைசிப் பெயரில் மட்டும்தான், 'அப்பா அம்மாவின் வீடு' என்று நாம் சொல்வதுபோல. பேச்சில் 'தெருவில் போகும் மனிதனின் கருத்து' என்பதற்கு ஸ் மனிதனை விட்டுவிட்டுத் தெருவில் போய் ஒட்டிக்கொள்ளும். முழுத் தொடருக்கும் பொதுவாக வருகிற ஓர் ஒட்டை, ஒவ்வொரு பெயர்ச்சொல்லின் வடிவமாகவும் காட்டி அரை அட்டவணையை எதற்கு அடைக்க வேண்டும்? வீடு என்ற பொருள்கொண்ட ஹூஸ் ஸகரத்தில் முடிவதால் இன்னொரு ஸ் ஏற்காது, பன்மை விகுதியும் ஏற்காது. அதன் எட்டுக் கட்டத்தில் நான்கில் ஹூஸ், ஹூஸ், ஹூஸ், ஹூஸ் என்று ஒன்றே நிற்கும். தன் பக்கத்துக்கே இணைப்பு கொடுத்தால் மென்பொருள் அதைக் கறுப்புத் தடித்த எழுத்தாக்கிவிடும் என்பதால், அந்த நான்கும் இன்னும் பளிச்சென்று தெரியும்.

நான்கு கட்டம் போதும் என்பது இப்போது என் கட்சி. நூலகர் எதிர்க்கட்சி. ஹூஸுக்கு இன்னொரு ஸ் சேராது என்பதைப் புதிதாகப் படிக்க வருகிறவன் வேறு எங்கே பார்த்துத் தெரிந்துகொள்வான் என்கிறார். நான் படித்ததே அப்படித்தான் என்பதால் வாதத்தை அதற்குமேல் கொண்டுபோக முடியவில்லை. எட்டும் அப்படியே இருக்கின்றன.