கோள்கள் வரிசையில் நின்றால் என்ன?

"தம்பி, வியாழக்கிழமை கோள்களெல்லாம் ஒரே வரிசையில வருதாம். புவியீர்ப்பு குறையுமாம், வெளியே போகக்கூடாதாம். என் வீட்டுக்காரரை டயாலிசிஸுக்குக் கூட்டிட்டுப் போகலாமா?"

நேரலையில் ஓர் அம்மா இப்படிக் கேட்டார். வாட்ஸ்அப்பில் வந்த செய்தியாம். "கண்டிப்பா போங்கம்மா, ஒரு தடவைகூட விடாதீங்க" என்றேன். நிகழ்ச்சி முடிந்தும் அந்தக் குரல் மனத்தை விட்டுப் போகவில்லை.

இத்தகைய புரளிக்கு மூத்த அண்ணன் எங்கள் வானொலியில்தான் பிறந்தான். 1976 ஏப்ரல் 1 அன்று, பிபிசி வானொலியில் வானியலாளர் பேட்ரிக் மூர் ஓர் அறிவிப்புச் செய்தார். காலை 9.47க்குப் புளூட்டோ வியாழனுக்குப் பின்னால் போகும். அப்போது புவியீர்ப்பு சற்றே குறையும். அந்த நொடியில் குதித்தால் மிதப்பது போலிருக்கும். முட்டாள்கள் தின வேடிக்கைதான். ஆனாலும் "மிதந்தோம்" என்று நேயர்கள் பலர் தொலைபேசியில் அழைத்துச் சொன்னார்கள்!

வானத்தின் இழுவையை உண்மையிலேயே பார்க்க வேண்டுமா? எங்கள் செர்காம் பந்தாய்க்கு வாருங்கள். நீர் வற்றிச் சேறு தெரியும். சில மணி நேரத்தில் அதே இடத்தில் அலையடிக்கும். மலாய் மீனவர்கள் பாசாங், சூருட் என்பார்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றம் அதிகம். அப்போது சூரியனும் நிலாவும் ஒரே கோட்டில் இழுக்கின்றன.

சூரியன் பூமியை நிலாவைவிடச் சுமார் 180 மடங்கு பலமாக இழுக்கிறது. அந்தப் பிடியில்தான் பூமி அதைச் சுற்றுகிறது. ஆனால் கடலை உயர்த்துவதில் சூரியனின் பங்கு நிலாவில் பாதிகூட இல்லை. காரணம் தூரம். நிலா 3,84,000 கிலோமீட்டரில் இருக்கிறது. அதை நோக்கிய பக்கத்தில் இழுவை கூடுதல், மறுபக்கத்தில் குறைவு. இந்த வித்தியாசம்தான் கடலை இரு பக்கமும் புடைக்க வைக்கிறது. பூமி சுழல்வதால் நமக்கு நாளில் இருமுறை நீரேற்றம். 15 கோடி கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள சூரியனுக்கோ, பூமியின் இரு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான்.

அப்படியென்றால் கோள்கள்? எல்லாம் வரிசையாக நின்று இழுத்தாலும், நிலாவால் வரும் ஏற்றத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட வராது. நிலா கடலை ஒரு மீட்டர் உயர்த்தினால், இவை உயர்த்துவது ஒரு தாளின் தடிமன்கூட இல்லை.

கப்பல்களுக்கும் மீனவர்களுக்குமான நீரேற்ற அட்டவணை முன்கூட்டியே தயாராகிவிடுகிறது. அதன் கணக்கில் வருபவை நிலாவும் சூரியனும்தான், கோள்கள் இல்லை. கடலில் பிழைப்பவர்கள் அதை நம்பித்தான் படகை எடுக்கிறார்கள்.

அடுத்த முறை அப்படியொரு செய்தி வந்தால், குடும்பக் குழுவில் பகிராதீர்கள். அன்று யாருக்காவது மருத்துவமனையில் தவணை இருக்கலாம்.