ஈரக்காற்றில் மொறுமொறுப்பு

அந்தமானின் மாயாபந்தரில் பொரித்த அப்பளத்தைத் தட்டில் வைத்துவிட்டு ரசம் எடுக்கத் திரும்பினால், அது நமத்துப்போக ஆரம்பித்திருக்கும். சுற்றிலும் கடல். மே மாதம் பிடிக்கிற தென்மேற்குப் பருவமழை ஓய்வதற்குள் வடகிழக்குப் பருவமழை வந்துவிடும். வருஷத்துக்கு 3,000 மில்லிமீட்டரை ஒட்டிய மழை. ஜாடியில் உப்பு கசிந்து நிற்கும். பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தால் அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும். இப்படிப்பட்ட ஊரில் வீட்டு அடுப்பில் பிரெஞ்ச் ஃப்ரைஸ் மொறுமொறுவென்று வருமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: வரும், நன்றாகவே வரும். ஆனால் சட்டியை அடுப்பில் ஏற்றுவதற்கு முன்பே பாதிக்கு மேல் வேலையை முடித்திருக்க வேண்டும்.

எண்ணெயில்தான் மொறுமொறுப்பு பிறக்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். எனக்கு அது தண்ணீர்க் கணக்கு. ஒரு உருளைக்கிழங்கில் ஏறக்குறைய ஐந்தில் நாலு பங்கு தண்ணீர். அந்தத் தண்ணீரில் எவ்வளவை வெளியே அனுப்புகிறோம், எந்த நேரத்தில் அனுப்புகிறோம், வெளியே போனது திரும்பி வராமல் எப்படித் தடுக்கிறோம் என்பதுதான் இந்தப் பண்டத்தின் கைப்பக்குவம். பெருநிலத்தில் காற்று கொஞ்சம் உதவி செய்யும். இங்கே காற்று நமக்கு எதிர்க்கட்சி.

முதலில் கிழங்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பஜாருக்கு வரும் உருளைக்கிழங்கு இங்கே விளைந்தது இல்லை. கொல்கத்தாவிலிருந்தோ சென்னையிலிருந்தோ கப்பலேறி, 1,200 கிலோமீட்டர் போலக் கடல் கடந்து, போர்ட் பிளேயரில் இறங்குகிறது. 2024-இல் அந்த ஊருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். எங்கள் வாயில் இன்னும் போர்ட் பிளேயர்தான் வருகிறது. அங்கிருந்து லாரி. ஜிர்காடாங்கில் கான்வாய்க்குக் காத்திருந்து, ஜரவா மக்களின் காப்புக்காட்டைக் கடந்து, மிடில் ஸ்ட்ரெய்ட்டில் லாரியோடு படகேறி, பாராடாங், கதம்தலா, ரங்கத் என்று அந்தமான் டிரங்க் ரோட்டில் 240 கிலோமீட்டர் போல வந்தால்தான் மாயாபந்தர். இடையில் புயல் சின்னம் என்றால் கப்பல் நின்றுவிடும். இவ்வளவு தூரம் சாக்குக்குள் புழுங்கி வந்த கிழங்கை, வந்த அன்றே வெட்டிப் பொரிப்பதை நான் விரும்புவதில்லை.

கடையில் நான் கேட்கும் முதல் கேள்வி விலை அல்ல. "புதுசா, ஸ்டோர் மாலா?" என்பதுதான். "ஸ்டோர் மால்தான் அக்கா. புது ஆலு வர ஜனவரி ஆகும்" என்று கடைக்காரத் தம்பி உள்ளதைச் சொல்லிவிடுவார். வங்காளத்தில் குளிர்காலப் பயிர் ஜனவரியிலிருந்து மார்ச் வரை அறுவடையாகிறது. மிச்சம் குளிர்பதனக் கிடங்குக்குப் போய், வருஷக் கடைசிவரை கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும். சமையல் கிழங்கைப் பெரும்பாலும் 2 முதல் 4 டிகிரிக் குளிரில் வைக்கிறார்கள். அந்தக் குளிரில் கிழங்கு தன் மாவுச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சர்க்கரையாக மாற்றிக்கொள்கிறது. அதனால்தான் ஆகஸ்டுக்கு மேல் வாங்கும் கிழங்கைக் குழம்பில் போட்டால் லேசாக இனிக்கிறது. அதையே எண்ணெயில் போட்டால் உள்ளே வேகும் முன் வெளியே கருத்துவிடுகிறது. அடுப்பைக் குற்றம் சொல்லிப் பயனில்லை, நிறத்தைக் கெடுத்தது கிடங்கின் குளிர். சிப்ஸ் தொழிற்சாலைகள் இதனால்தான் தங்கள் கிழங்கை 10 முதல் 12 டிகிரியில் சேமிக்கின்றன.

வீட்டில் இதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, கிழங்கை மூங்கில் கூடையில், வெளிச்சம் படாத காற்றோட்டமான இடத்தில் ஒரு வாரம் பத்து நாள் வைப்பது. வெப்பத்தில் அந்தச் சர்க்கரையின் ஒரு பகுதி மறுபடியும் மாவுச்சத்தாகிறது, ஒரு பகுதி கிழங்கின் மூச்சிலேயே செலவாகிறது. ஆனால் எங்கள் ஊர்ப் புழுக்கத்தில் தினமும் கூடையைக் கிளறிப் பார்க்க வேண்டும். ஒன்று அழுகினால் மற்றதும் அழுகும். பச்சை பூத்த கிழங்கைப் பொரிக்கவே கூடாது. இரண்டாவது வழி வெந்நீர். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். வருஷத்தில் எனக்குப் பிடித்த காலம் மார்ச்சிலிருந்து மே வரை. தோல் முற்றி, கிடங்கைப் பார்க்காத கிழங்கு அப்போதுதான் கிடைக்கும். ஜனவரியில் வரும் இளங்கிழங்கு பார்க்கப் பளபளவென்று அழகாக இருக்கும், உள்ளே வெறும் தண்ணீர். அது மசாலாவுக்கு நல்லது.

சிம்லாவில் இருக்கும் மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிறுவனம் 1949-இல் பாட்னாவில் தொடங்கியது, 1956-இல் சிம்லாவுக்குப் போனது. அங்கிருந்து வந்த ரகங்களுக்கெல்லாம் குஃப்ரி என்று முன்பெயர் உண்டு. 1968-இல் வந்த குஃப்ரி ஜோதியை நாடு முழுக்கச் சமையலுக்கு வாங்குகிறோம். 1998-இல் வந்த குஃப்ரி சிப்சோனா சிப்ஸுக்கென்றே உருவானது. குஃப்ரி ஃப்ரைசோனா நீளமாக, பிரெஞ்ச் ஃப்ரைஸ் வெட்டுக்கு ஏற்றபடி வளர்வது. பின்னிரண்டு ரகங்களில் தண்ணீர் போக மிஞ்சும் திடப்பொருள் 20 விழுக்காட்டுக்கு மேல் இருக்கும். மாயாபந்தர் பஜாரில் ரகத்தின் பெயர் சொல்லி வாங்க முடியாது. ஆகவே நான் உப்பைக் கேட்கிறேன்.

ஒரு லிட்டர் தண்ணீரில் 120 கிராம் உப்பைக் கரைத்து, கழுவிய கிழங்குகளை அதில் போடுங்கள். மாவுச்சத்து மிகுந்தது அடியில் போய் உட்காரும். தண்ணீர்க் கிழங்கு மிதக்கும். மூழ்கியது பொரிக்க, மிதந்தது குழம்புக்கு. வாசலில் கடல் இருக்கிறதே என்று ஒரு குடம் கடல்நீர் மொண்டு வந்து சோதிக்க முடியாது. கடலில் லிட்டருக்கு 35 கிராம் உப்புதான், அதில் எல்லாக் கிழங்குமே மூழ்கிவிடும். ஒரே மூட்டையில் வாங்கிய கிழங்கு இப்படி இரண்டாகப் பிரிவதைக் கண்ணால் பார்த்த பிறகு, ஒரே சட்டியில் ஒன்று மொறுமொறுவென்றும் இன்னொன்று தொளதொளவென்றும் வருவது ஏன் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

மூழ்கிய கிழங்கைத் தோல் சீவி, ஒரு சென்டிமீட்டர் கனத்தில் ஒரே சீராக வெட்ட வேண்டும். மெலிந்தால் உள்ளே மாவு போன்ற மென்மை இருக்காது. பருத்தால் மேல்தோடு உள் ஈரத்தைத் தாங்காமல் தளர்ந்துவிடும். வெட்டியதை மூன்று நான்கு தண்ணீரில், கலங்கல் போகும்வரை அலச வேண்டும். அந்தக் கலங்கல் வெட்டுப்பட்ட செல்களின் மாவு. அதை விட்டுவைத்தால் துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டும், சட்டியடியில் கருகும்.

இப்போது வெந்நீர். இரண்டு லிட்டர் தண்ணீரில் இரண்டு மேஜைக்கரண்டி வினிகரும் கொஞ்சம் உப்பும் சேர்த்து, துண்டுகளைப் போட்டு, கொதி வந்த பின் எட்டிலிருந்து பத்து நிமிஷம் வேகவிடுகிறேன். வினிகர் எதற்கு என்று கேட்பார்கள். புளி கரைத்து ஊற்றிய பிறகு காய் வேகாது என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வது இதே விஷயம்தான். செல்களை ஒட்டிவைத்திருக்கும் பெக்டின் புளிப்பில் சீக்கிரம் கரையாது. உள்ளே நன்றாக வெந்தும் துண்டு உடையாமல் விறைப்பாக நிற்கும். கிடங்கில் ஏறிய சர்க்கரையும் இந்த நீரில் இறங்கிவிடும். அது குறைந்தால் நிறம் பொன்னாக நிற்கும். நிறத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. அதிகச் சூட்டில் சர்க்கரையும் கிழங்கிலுள்ள ஆஸ்பரஜின் என்ற அமினோ அமிலமும் சேர்ந்தால் அக்ரிலமைடு என்ற உடலுக்கு ஆகாத பொருள் உண்டாகிறது. பொரித்த பண்டங்களில் அது இருப்பதை 2002-இல் ஸ்வீடனில் கண்டறிந்து சொன்னார்கள். பிள்ளைகள் தின்னும் பண்டம். ஆகவே பழுப்பு ஏறும் முன்பே எடுத்துவிடுவது என் வழக்கம்.

உலர்த்துவதில்தான் எங்கள் ஊர் வேறுபடுகிறது. துணியில் ஒற்றி எடுங்கள் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். ஜூலையில் இங்கே துணியே காய்வதில்லை. அதனால் துண்டுகளை ஆறவிடாமல், கொதிநீரிலிருந்து எடுத்த சூட்டோடு துளைத்தட்டில் ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்பி, மின்விசிறிக்கு அடியில் வைக்கிறேன். ஆவி கிளம்பும். துண்டின் சொந்தச் சூடே மேல் ஈரத்தை விரட்டிவிடும். சில நிமிஷத்தில் மேற்பரப்பு வெளுத்து, லேசாக மாவு பூத்தாற்போல் சொரசொரப்பாகும். விரலால் தொட்டால் ஒட்டக்கூடாது. இந்தச் சொரசொரப்புதான் பின்னால் மொறுமொறுப்பாகிறது.

பொரிப்பது இரண்டு தடவை. முதல் தடவை 150, 160 டிகிரியில் மூன்று நான்கு நிமிஷம். நிறம் மாறாமல், மேலே மெல்லிய தோடு கட்டினால் போதும். எடுத்து அரைமணி நேரம் ஆறவைக்க வேண்டும். ஆறும்போது உள்ளிருக்கும் ஈரம் வெளிப்பக்கம் நகர்ந்து வரும், வெந்த மாவுச்சத்து இறுகும். இரண்டாம் தடவை 180, 190 டிகிரியில் இரண்டு மூன்று நிமிஷம். ஒரு லிட்டர் எண்ணெய்க்கு 200 கிராமுக்கு மேல் போடாதீர்கள். அள்ளிப் போட்டால் சூடு இறங்கி, தண்ணீர் வெளியேறும் வேகம் தளர்ந்துவிடும்.

என்னிடம் வெப்பமானி உண்டு, ஆனால் காதைத்தான் நம்புகிறேன். துண்டுகள் விழுந்தவுடன் தகரக் கூரையில் மழை இறங்குவதுபோல் இரைச்சல் எழும். குமிழிகள் பெரிதாகக் கொப்பளிக்கும். அது எண்ணெயின் கொதிப்பு அல்ல, கிழங்கின் தண்ணீர் ஆவியாகி வெளியேறுவது. அது வெளியேறும்வரை எண்ணெய் உள்ளே நுழைய வழியில்லை. இரைச்சல் மெல்லத் தணிந்து, குமிழிகள் பொடியாகி, கரண்டியால் தட்டினால் துண்டுகள் சலசலக்கும். அந்த நொடியில் எடுத்துவிட வேண்டும்.

எடுத்த அடுத்த அரை நிமிஷத்தைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. எண்ணெய் அதிகமாக உள்ளே போவது சட்டியில் இருக்கும்போது அல்ல, வெளியே எடுத்து ஆறத் தொடங்கும்போதுதான். உள்ளிருக்கும் ஆவி குளிர்ந்து சுருங்க, மேலே ஒட்டியிருக்கும் எண்ணெயை அது உள்ளே இழுத்துக்கொள்கிறது. ஆகவே அரிகரண்டியைச் சட்டிக்கு மேலேயே பிடித்து நன்றாக உதற வேண்டும். பிறகு கம்பித்தட்டில் கொட்ட வேண்டும். செய்தித்தாளில் குவித்தால் அடியில் இருப்பது தன் ஆவியிலேயே வெந்து தளரும். மூடி போட்டால் கதை முடிந்தது. உப்பு கசிந்த ஊரில் உப்பையும் வெறும் வாணலியில் வறுத்துப் பொடித்து, சூட்டோடு தூவுகிறேன். ஈர உப்பு ஓரிடத்தில் கட்டியாக விழுந்து, அந்த இடத்தையே நமக்க வைத்துவிடும்.

முதல் பொரிப்போடு நிறுத்தி, ஃப்ரீசரில் வைத்துவிட்டு வேண்டும்போது பொரிப்பது இன்னும் நல்லது. உறையும்போது பனித்துகள்கள் செல்களைக் கிழிப்பதால் அடுத்த பொரிப்பில் தண்ணீர் விரைவாக வெளியேறுகிறது. அமெரிக்காவில் சிம்ப்ளாட் நிறுவனம் 1940-களில் தொடங்கிய உறைந்த ஃப்ரைஸ் தொழிலும், குஜராத்தின் மேசானாவில் மெக்கெய்ன் நடத்தும் ஆலையும் இந்த வரிசையில்தான் வேலை செய்கின்றன: வெந்நீர், உலர்த்தல், அரைப்பொரிப்பு, உறைவு. மாயாபந்தரில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாததால், இரண்டு நாளில் தீர்கிற அளவுக்குத்தான் நான் சேமிக்கிறேன். ஒருமுறை உருகியதை மறுபடி உறைய வைப்பதில்லை.

எண்ணெய்க்கு ரீஃபைண்டு சூரியகாந்தியோ பாமாயிலோ போதும். தென்னை சூழ்ந்த ஊரில் தேங்காயெண்ணெயை விடுவானேன் என்று தோன்றும். செக்கெண்ணெய் 175 டிகிரியை ஒட்டியே புகையத் தொடங்கிவிடும், இரண்டாம் பொரிப்பை அது தாங்காது. பக்கத்து வீட்டு வங்காளி காக்கிமா கிழங்கைத் தீக்குச்சி மெலிவில் சீவி, பிழிந்து, கடுகெண்ணெயில் ஜூரி ஆலு பாஜா செய்வார். அந்த மெலிவுக்கு வெந்நீரும் வேண்டாம், இரண்டாம் பொரிப்பும் வேண்டாம். உள்ளே மென்மை என்ற பேச்சே இல்லாததால் தண்ணீர் ஒரேயடியாகப் போய்விடும். பருப்புச்சோற்றுக்கு அதுதான் ஜோடி. அந்த இடத்தில் பிரெஞ்ச் ஃப்ரைஸை வைக்க நானே சம்மதிக்க மாட்டேன்.

கப்பல் தாமதமாகிக் கிழங்கு சோர்ந்து கிடக்கும் வாரங்களில் நான் கொல்லை மரவள்ளியைப் பிடுங்குகிறேன். உருளைக்கிழங்கைவிட இதில் தண்ணீர் மிகவும் குறைவு, மாவுச்சத்து ஏறக்குறைய இரட்டிப்பு. அதனால் மொறுமொறுப்பு இதற்கு இயல்பாகவே கூடிவருகிறது, ஈரக்காற்றையும் கூடுதல் நேரம் தாங்குகிறது. பட்டையையும் அதன் கீழிருக்கும் இளஞ்சிவப்புத் தோலையும் முழுவதும் உரித்து, துண்டு போட்டு, தாராளமான தண்ணீரில் மூடாமல் வேகவைத்து, அந்த நீரைக் கட்டாயம் கொட்டிவிட வேண்டும். மரவள்ளியின் நச்சு அப்படித்தான் போகும். விரிசல் விடுமளவு வெந்ததும் ஆறவைத்து, நடுநாரை உருவி, விரல் பருமனில் பிளக்க வேண்டும். பிளந்த முகம் கத்தி வெட்டுப்போல் வழவழப்பாக இருக்காது, பிசிறு பிசிறாக இருக்கும். அந்தப் பிசிறுகள்தான் முதலில் பொரிந்து முறுகும். ஒரே தடவை, செக்குத் தேங்காயெண்ணெயில், 170 டிகிரியைத் தாண்டாமல் பொரித்து, வறுத்த உப்பும் மிளகாய்த்தூளும் தூவினால் போதும்.