ஆபீஸில் குடித்தனம்

மருமகன் நியூஜெர்சியிலிருந்து வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தான். நியூயார்க்கில் அவனுடைய கம்பெனி வேலை எடுத்திருக்கும் பழைய ஆபீஸ் கட்டடம். வருஷக்கணக்காகக் கணக்கர்களும் வக்கீல் குமாஸ்தாக்களும் உட்கார்ந்து எழுதிய மாடிகளைப் பிரித்து வீடாக்குகிறார்கள். சாதாரண வீடு இல்லை, கோடீஸ்வரர் வீடு. 'மாமா, நாங்க தண்ணிக் குழாயும் கக்கூஸ் குழாயும் மட்டும்தான். அதுக்கே ஒன்றரை வருஷம் ஆவும்' என்று கீழே எழுதியிருந்தான்.

திருநெல்வேலி டவுன் வாகையடி முக்கில் டீ குடிக்கும்போது, பழக்கமான வீட்டு புரோக்கர் ஒருவரிடம் படத்தைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"என்ன அண்ணாச்சி, ஆபீஸ்ல படுத்து உறங்கதுக்கா இம்புட்டு ரூவா? நம்ம ஊர்ல சம்பளம் குடுத்துல்லா உறங்கச் சொல்லுதான்."

சிரித்து முடித்துவிட்டு அவரே சொன்னார், "இங்க எல்லாம் தலைகீழ். ஆபீசை வீடாக்க யாரு வாரான்? வீட்டை ஆபீசாக்கத்தான் நாலு பேரு வரிசைல நிக்கான்."

*

அவர் சொன்னது சரிதான். பாளையங்கோட்டையில் வாத்தியார்கள் கட்டிய வீடுகளில் இன்று நீட் கோச்சிங் நடக்கிறது. வண்ணார்பேட்டையில் ஸ்கேன் சென்டர், லேப். டவுனுக்குள் ரத வீதியை ஒட்டிய தெருக்களில் வீடு என்று மிச்சமிருப்பவற்றை எண்ணிவிடலாம். முன்பக்கம் கடை, மாடி குடோன்.

பெரியப்பா வீடு இப்போது நகை அடகுக் கம்பெனி. போன மாதம் ஒரு சங்கிலியை மீட்கப் போனேன். அகலம் பதினாலு அடி, நீளம் நூற்றுப் பத்து அடி. ரயில் பெட்டி மாதிரி ஒன்றன்பின் ஒன்றாகப் போகும் வீடு. தார்சாவில் செக்யூரிட்டி நாற்காலி. பட்டாசலில் கண்ணாடித் தடுப்பு போட்டு மூன்று பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். உத்தரத்தில் ஊஞ்சல் மாட்டும் வளையம் ஒன்று அப்படியே இருக்கிறது. ஜோடி வளையத்தைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் கேமரா வைத்திருக்கிறார்கள். இரண்டாங்கட்டு லாக்கர் ரூம். பெரியம்மை மீன் கழுவிய அங்கணத்தில் யுபிஎஸ் பேட்டரிகள் அடுக்கி, மேலே ஒரு ரப்பர் பாய்.

இரண்டாங்கட்டு நிலைப்படியில் என்னை அறியாமல் காலை வைத்துவிட்டேன். உள்ளேயிருந்து ஒரு பிள்ளை எழுந்து வந்தது. "சார், கஸ்டமர் அதுக்கு மேல வரக்கூடாது."

அந்தப் பிள்ளைமேல் குற்றமில்லை. சட்டம் அதுதான். ஆனால் அந்தப் படியில் இடித்துத்தான் என் முன்பல் ஒன்று விழுந்தது.

*

ஆபீசை வீடாக்குவதில் அப்படி என்ன கஷ்டம் என்று மருமகனிடம் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் பாடம் எடுத்தான்.

பணமும் பர்மிட்டும் அப்புறம். முதல் தகராறு ஜன்னலோடுதான். ஏசியும் டியூப்லைட்டும் வருவதற்கு முன்னால் கட்டிய ஆபீஸ் என்றால் எந்த மேஜையும் ஜன்னலைவிட்டு ரொம்ப தூரம் போகாது, வெளிச்சம் வேண்டுமே. அந்தப் பழசுகளை வீடாக்குவது லேசு. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு கட்டியவை வேறு ரகம். ஒவ்வொரு மாடியும் நெல் உலர்த்தும் களம் மாதிரி அகலம். நடுவில் லிஃப்ட், அதை ஒட்டிக் கக்கூஸ். ஜன்னலிலிருந்து ஐம்பதடி உள்ளே தள்ளி உட்கார்ந்தும் டைப் அடிக்கலாம். ஆனால் ஐம்பதடி உள்ளே கட்டில் போட்டால் அது படுக்கையறை ஆகாது, சட்டமும் ஒத்துக்கொள்ளாது. அப்புறம் குழாய். ஆபீஸில் ஒரு மாடிக்கு ஒரே இடத்தில்தான் தண்ணீர். வீடென்றால் பத்து அடுக்களை, இருபது குளியலறை. ஒவ்வொன்றுக்கும் தரையைத் துளைத்து, கீழ்மாடிக் கூரைக்குள் சரிவு கொடுத்துக் குழாயைக் கொண்டுபோக வேண்டும்.

மன்ஹாட்டனில் 180 வாட்டர் ஸ்ட்ரீட் என்று ஒரு கட்டடம். அதை வீடுகளாக்கியவர்கள் நட்டநடுவில் மேலிருந்து கீழ்வரை கிணறு மாதிரி வெட்டி எடுத்துவிட்டார்களாம், உள்பக்க அறைகளுக்கு வெளிச்சம் வர. வெட்டியதில் போன சதுர அடியைக் கணக்குப் பார்த்து மொட்டை மாடிக்கு மேலே புது மாடிகளாக ஏற்றிக்கொண்டார்கள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. "எலேய், அது வானவெளி லா," என்றேன்.

பெரியப்பா வீட்டில் இரண்டாங்கட்டுக்கும் அடுக்களைக்கும் நடுவே எட்டடிக்கு எட்டடி வானம் தெரியும். இரண்டு பக்கமும் அடுத்தவர் சுவர். நூற்றுப் பத்தடி நீள வீட்டுக்கு அந்த ஓட்டைதான் நுரையீரல். மழை பெய்தால் அண்டா வைத்துப் பிடிப்பார்கள். அடகுக் கம்பெனிக்காரர்கள் அதன்மேல் கான்கிரீட் போட்டு மூடிவிட்டார்கள். திருட்டு பயம். இப்போது பகலிலும் லைட் எரிகிறது, கமர்ஷியல் சர்வீஸில்.

*

உல்வொர்த் கட்டடம். நியூயார்க்கில் 1913இல் திறந்தது, 792 அடி. 1930 வரை உலகத்திலேயே உயரம். கட்டியவர் ஃபிராங்க் உல்வொர்த், ஐந்து சென்ட், பத்து சென்ட் கடைகள் நடத்தியவர். நம் ஆனித் தேரோட்டத்தின்போது ரத வீதி ஓரத்தில் தார்ப்பாய் விரித்து 'எதை எடுத்தாலும் பத்து ரூபாய்' என்று கத்துகிற வியாபாரம்தான், அதே சூத்திரம். சீப்பும் ஊக்கும் விற்ற காசில் 1.35 கோடி டாலரை ரொக்கமாகக் கொடுத்துக் கட்டினார்.

2012இல் அதன் மேல் முப்பது மாடிகள் மட்டும் தனியாக விலை போயின, வீடுகளாக்க. உச்சிக் கூம்பிலுள்ள ஒற்றை வீட்டுக்கு 2017இல் சொன்ன விலை 11 கோடி டாலர். ஆறு வருஷம் கழித்து ஏறக்குறைய 3 கோடிக்குப் போனது. கேட்ட விலைக்கும் முடிந்த விலைக்கும் உள்ள இந்த இடைவெளியைச் சொன்னபோது புரோக்கருக்குத்தான் எத்தனை சந்தோஷம். "அங்ஙனயும் அப்படித்தானா!"

சுற்றுலாக்காரர்கள் கீழ்த்தளத்துக் கூடத்தை எட்டிப் பார்க்கவே இப்போது சுலபத்தில் வழி கிடையாது. பத்து சென்ட் வாடிக்கையாளர் யாரும் அந்த லிஃப்டில் ஏற முடியாது.

*

லண்டனில் இன்னும் பெரிய கூத்து. பழைய யுத்த அமைச்சகக் கட்டடம், 1906இல் முடிந்தது, ஆயிரத்துச் சொச்சம் அறை. சர்ச்சில் உட்கார்ந்த ஆபீஸ். 2014இல் பிரிட்டிஷ் அரசு அதை 250 வருஷக் குத்தகைக்குக் கொடுத்தது. எடுத்தவர்கள் இந்துஜா குடும்பம், ஸ்பெயின் கம்பெனி ஒன்றின் கூட்டோடு. 35 கோடி பவுண்டுக்கு மேல். 2023இல் திறந்தபோது 120 அறையுள்ள ஹோட்டல், கூடவே 85 சொகுசு வீடுகள்.

இந்துஜா என்றால் யாரோ என்று நினைக்க வேண்டாம். ஜங்ஷனிலிருந்து பாபநாசம் போகிற பஸ்ஸின் மூக்கில் அசோக் லேலண்ட் என்று எழுதியிருக்கிறதே, அவர்கள்தான். 1987இல் அந்தக் கம்பெனிக்குள் வந்தார்கள். சேரன்மகாதேவி வளைவில் நாம் கம்பியைப் பிடித்துக்கொண்டு தொங்கிய தொங்கலில் ஒரு நயா பைசாவாவது வெள்ளைக்காரன் யுத்த ஆபீஸ் படிக்கட்டுக்குப் போயிருக்கும்.

*

குத்தகை என்றதும் நம் பக்கத்துக் குத்தகை ஞாபகம் வருகிறது.

1929இல் சிங்கம்பட்டி ஜமீன், கடன் நெருக்கடியில், மேற்குமலைக் காட்டில் எட்டாயிரத்து முந்நூறு ஏக்கருக்கு மேல் பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷனுக்கு 99 வருஷக் குத்தகைக்குக் கொடுத்தது. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி. காட்டை வெட்டித் தேயிலை போட்டார்கள். கீழே இருந்து ஏறிப் போனவர்களுக்குக் கம்பெனி லயன் வீடு கொடுத்தது. வேலையில் இருக்கும்வரைதான் அந்த வீடு. ரிட்டயர் ஆனால், பிள்ளைகளில் ஒருவர் வேலையில் இல்லையென்றால், சட்டி பானையோடு மலையிறங்க வேண்டும். ஆபீஸில் குடித்தனம் என்று நான் தலைப்பு வைத்திருக்கிறேனே, உண்மையில் அப்படிக் குடியிருந்தவர்கள் இவர்கள்தான். நாலு தலைமுறை.

1999 ஜூலை 23. மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்காக மனுக் கொடுக்கக் கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசுக்கு ஊர்வலம் வந்தது. போலீஸ் தடியடியில் தாமிரபரணி ஆற்றுக்குள் இறங்கி ஓடியவர்களில் பதினேழு பேர் செத்தார்கள். அந்த ஆபீஸ் வாசல்வரை வந்தார்கள், உள்ளே போகவில்லை.

குத்தகை 2028 வரை. அதற்கு முன்பே, 2024இல், கம்பெனி விருப்ப ஓய்வு என்று அறிவித்து வீடுகளைக் காலி செய்யச் சொன்னது. அரசுத் தேயிலைக் கழகமே தோட்டத்தை எடுத்து நடத்தட்டும் என்று வழக்குப் போனது. அந்த வருஷம் டிசம்பரில் உயர்நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. புலிகள் காப்பகத்துக் காடு, காடாகவே திரும்பட்டும் என்றது. எனக்கு இதில் நீதிமன்றத்தோடு சண்டை இல்லை. மணிமுத்தாற்றுத் தண்ணீரைக் குடிப்பவன் காடு வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? ஆனால் மலையிலிருந்து இறங்கியவர்களுக்கு ரெட்டியார்பட்டி அடுக்குமாடியில் வீடு என்றார்கள். ஜன்னலைத் திறந்தால் மேகம் உள்ளே வந்த ஊர்க்காரர்களுக்கு.

அந்தப் பாம்பே பர்மா கம்பெனி வாடியா குழுமத்தைச் சேர்ந்தது. பாம்பே டையிங்கும் அவர்களுடையதுதான். பம்பாய் தாதரில் அவர்களது ஸ்பிரிங் மில் நின்ற இடத்தில் இப்போது வானுயரச் சொகுசு அடுக்குமாடிகள். மில் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு ஊருக்குத் திறந்தவெளி, ஒரு பங்கு எளியவர் குடியிருப்பு, ஒரு பங்கு முதலாளிக்கு என்றுதான் 1991இல் அங்கே விதி போட்டார்கள். 2001இல் விதியைத் திருத்தி, கட்டடம் இல்லாத காலி நிலத்தை மட்டும் பங்கு வைத்தால் போதும் என்றார்கள். மில் என்றாலே பெரும்பாலும் கட்டடம்தானே, பங்கு வைக்க என்ன மிஞ்சும். வழக்கு உச்சநீதிமன்றம் போய் 2006இல் திருத்தம் செல்லும் என்று தீர்ப்பானது. வழக்கின் பெயரிலேயே பாம்பே டையிங் இருக்கிறது. 2023இல் வர்லியில் அவர்களுடைய 22 ஏக்கர், 5,200 கோடி ரூபாய்க்கு ஒரு ஜப்பான் கம்பெனிக்குப் போனது.

ஒரே வீட்டுக் கணக்கில் தாதர் மாடியும் மாஞ்சோலை லயனும். ஒன்றில் வேலை நடந்த இடம் வீடானது, இன்னொன்றில் வேலை நின்றதும் வீடு போனது. மில்லில் நெய்தவர் யாரும் அந்த மாடியில் இல்லை என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

*

சுலோசன முதலியார் பாலம். அதே கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸில் சிரஸ்தாராக இருந்தவர், ஊர்க்காரர்கள் பரிசலில் ஆற்றைத் தாண்டப் படும் பாட்டைப் பார்த்துத் தன் சொந்தப் பணத்தைப் போட்டுக் கட்டக் கொடுத்தது, 1843இல் திறந்தது. ஆபீஸ் உத்தியோகத்தில் சேர்த்த பணத்துக்கு இப்படியும் ஒரு செலவு இருந்திருக்கிறது. அந்தப் பாலத்தில் நின்று இதை ஒரு சீட்டில் குறித்துக்கொண்டேன், பின்னால் வந்த ஆட்டோக்காரர் திட்டினார்.

*

நேற்று புரோக்கர் போன் பண்ணினார். ஜங்ஷன் பக்கம் மூன்று மாடி காம்ப்ளெக்ஸ், நாலு வருஷமாகக் காலி. ஓனர் நான் காட்டிய படத்தின் கதையைக் கேட்டுவிட்டு, நாமும் ஃபிளாட் போட்டால் என்ன என்கிறாராம். "லக்சுரின்னு போர்டு வச்சிருவோம் அண்ணாச்சி. நீங்க ஒரு எட்டு வாங்க, மருமகப் பிள்ளையவும் லைன்ல போடுங்க."

போனேன். படிக்கட்டில் புறா எச்சம். முதல் மாடியில் இன்ஷூரன்ஸ் ஆபீஸ் இருந்திருக்கிறது. ஒரு காலண்டர் 2021 மார்ச்சில் நிற்கிறது. ரோட்டுப் பக்கம் மட்டும் ஜன்னல். மற்ற மூன்று பக்கமும் அடுத்த கட்டடத்துச் சுவர், இடையில் கை நுழையாது. புரோக்கர் செருப்பைக் கழற்றிவிட்டு அடியடியாக வைத்து அளந்துகொண்டே உள்ளே போனார். முப்பது, முப்பத்தொன்று. நாற்பத்தாறாவது அடியில் இருட்டில் எதிலோ முட்டி நின்றார்.

வீடியோ காலில் மருமகன். அங்கே அவனுக்கு விடியற்காலை, கொட்டாவி விட்டான். போனைச் சுற்றிக் காட்டினேன்.

"மாமா, பாத்ரூம் எங்க?"

மாடிப்படி திரும்பும் இடத்தில் ஒன்று இருந்தது. மூன்று மாடிக்கும் சேர்த்து. பூட்டியிருந்தது. நிலையில் ஆணி, ஆணியில் ஒரு சாண் நீளக் கட்டை, கட்டையில் சாவி. யாரும் மறந்து பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போய்விடாமல் இருக்கப் பியூன் கட்டிய கட்டை. அதில் பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதியிருந்தது: 'ஸ்டாஃப் மட்டும்'.