நாளைக்கு முடிஞ்சிரும் சார்!

சித்தூரைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த சப்தகிரி கிராமீண வங்கி, 2025 மே 1-இல் வேறு மூன்று கிராம வங்கிகளோடு இணைந்து ஒன்றானது. வங்கிகள் இணைந்தால் மென்பொருளும் இணையணும். அதில் ஒரு முக்கிய வேலை கெடு தாண்டினாலும் மொத்த வெளியீடும் நிற்கும். ஆனாலும் மேலிடத்துக்கு "நாளைக்கு முடிஞ்சிரும் சார்" என்றுதான் சொல்வோம்.

கடன் பாக்கிக்கு அந்தச் சலுகை இல்லை. 30, 60, 90 நாள் என்று படியேறி, 90 தாண்டினால் வாராக்கடன். வணிக வங்கிகளில் இதைக் கணினியே குறிக்கணும் என்று 2020-இல் ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. கணினி முகம் பார்க்காது.

மென்பொருள் வேலைக்கும் அதே ஏணிதான் வேணும். கெடு தாண்டிய அன்று குழுத்தலைவருக்கு, மூன்றாம் நாள் மேலாளருக்கு, வாரமானால் வெளியீட்டைத் தள்ளிவைக்க அதிகாரம் உள்ளவருக்குத் தகவல் தானாகப் போகணும். அரைகுறையாக வெளியிட்டால், திருப்பதியில் பென்ஷன் எடுக்க வரிசையில் நிற்கப்போவது நம்ம அப்பாதானே?