நூலோட்டம்

சென்ற ஐப்பசி மழையில் ஓடு பெயர்ந்து ஒழுகியதில், பரண்மேல் இருந்த அம்மாவின் விரிப்பு நனைந்துபோயிற்று. வெயில் வந்ததும் கொடியில் போட்டேன். மூன்று நாளாகியும் உள்ளே ஈரம் வற்றவில்லை. ஒரு ஓரத்துத் தையலைப் பிரித்து அடுக்குகளைத் தனித்தனியே உலர்த்தலாம் என்று பிளேடை எடுத்தேன். மேலே அம்மாவின் கல்யாணத்துக் கூறைச் சேலை. அடியில் ஒரு நூல் சேலை. இடையில் அப்பாவின் வேட்டிகளும் சாயம்போன சேலைகளும். மூன்றாவது அடுக்கை விலக்கியபோது, சரியாக நடுவில், இரு கைகளையும் விரித்தபடி, தம்பியின் சட்டை இருந்தது. வெட்டப்படாத முழுச் சட்டை. பித்தான்களை மட்டும் எடுத்திருந்தாள். படுத்தால் முதுகில் உறுத்தும் என்பதற்காக இருக்கலாம்.

தம்பி, 2004 டிசம்பர் 26ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலையில் கடற்கரைக்குப் போனவன். மறுநாள் அவனைக் கண்டெடுத்தோம். அதற்கு மேல் எழுத எனக்கு இப்போதும் வரவில்லை. நான் எழுத நினைத்தது வேறு. அம்மா தைத்துக்கொண்டிருந்ததை நான் என்னவாகப் புரிந்துகொண்டேன் என்பதைப் பற்றி.

தரங்கம்பாடியில், 1792இல் டேனியர் கட்டிய நகர வாசலுக்குச் சற்று உள்ளே தள்ளி எங்கள் வீடு. அந்தத் தை மாதம் முழுவதும் தெருவில் சேறு வாடை போகவில்லை. கடற்கரையில் படகு போனவர்கள்கூட உட்கார்ந்து கிழிந்த வலைகளைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். கடலுக்குப் போகும் உத்தேசம் யாருக்கும் இருந்ததாகத் தெரியவில்லை. ஆனாலும் கை ஓடிக்கொண்டிருந்தது. மாசி பிறந்தபோது அம்மாவும் டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். துணிகளைக் கூடத்தில் ஒன்றின்மேல் ஒன்றாக விரித்தாள். சுருக்கம் போக நீவி, நான்கு மூலைகளிலும் கனத்தை வைத்து, முதலில் நீளநீளமாக நூலோட்டிப் பிடித்தாள். பிறகு ஓரத்திலிருந்து உள்நோக்கி, அரிசி நீளத்துக்கு ஒரு தையலாக, வரிவரியாக வந்தாள். கூறைச் சேலையின் கட்டங்களே அவளுக்குக் கோடு. ஒரு நாளில் இரண்டு விரற்கடைக்கு மேல் நகரவில்லை.

நான் லீவில் வரும்போதெல்லாம் இதைப் பார்த்தேன். முன்போல இரவில் எழுந்து வாசலுக்குப் போய் நிற்பதில்லை. தைத்த கையோடு சாப்பிட்டாள். சாப்பிட்ட கையோடு தூங்கினாள். 'அம்மா தேறிட்டாங்க' என்று உறவுக்காரர்களிடம் சொன்னேன். அந்தத் தீர்ப்பை வழங்கிவிட்டு, நிம்மதியாகச் சென்னைக்கு ரயிலேறினேன். அந்த நிம்மதி யாருடையது என்று அப்போது கேட்டுக்கொள்ளவில்லை.

பல வருஷங்கள் கழித்து, வெளியூரில் இருக்கும் என் மகள் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையைப் பற்றிச் சொன்னாள். ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகரத்தில், துண்டுத் துணிகளை இணைத்து மெத்தைப் போர்வை தைக்கும் 29 பேரிடம் பேசி, 2012இல் வெளியானது. நிறங்கள் மனத்தை உயர்த்துகின்றன. வேலையில் காலம் மறந்துபோகிறது. கற்றுக்கொண்டதில் ஒரு தன்மதிப்பு பிறக்கிறது. கூடித் தைப்பதில் சிநேகம் உண்டாகிறது என்றெல்லாம் அவர்கள் சொல்லியிருந்தார்கள். 'பாட்டி செஞ்சது இதுதானேப்பா?' என்றாள். ஆமாம் என்றேன். எனக்கும் தூக்கம் கெட்டுப்போயிருந்த காலம் அது. நீங்களும் செய்யலாமே என்றாள். சிரித்துவிட்டு மாத்திரையைப் போட்டுக்கொண்டேன்.

இப்போது பிரித்ததைத் திரும்பத் தைக்க உட்கார்ந்தபோது, அந்த 29 பேர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை என்று தெரிகிறது. மனத்தை அடக்கு என்று சொல்கிறவர்கள் அதற்குப் பதில் வேலை எதுவும் தருவதில்லை. ஊசி தருகிறது. அது கேட்பதெல்லாம் அடுத்த அரிசி நீளம் மட்டுமே. ஹெர்பர்ட் பென்சன் என்ற அமெரிக்க வைத்தியர் 1975இல் வெளியிட்ட புத்தகத்தில் இதன் சூத்திரத்தை வகுத்தார்: ஒரு சொல்லையோ செயலையோ திரும்பத் திரும்பச் செய்வது, எண்ணம் விலகினால் கோபமில்லாமல் அதற்கே திரும்புவது. மூச்சு நிதானப்படுகிறது, நாடி இறங்குகிறது. ஜபமாலை உருட்டியவர்களுக்கு இதில் புதிது ஒன்றும் இல்லை. மாலையில் நூறு உருட்டினாலும் முதல் மணிக்கே வந்து நிற்கிறோம். தையலில் நூல் எங்கே விட்டோம் என்பது துணிமேல் இருக்கிறது.

என் சந்தேகம் கையைப் பற்றியது அல்ல, துணியைப் பற்றியது.

போர்வை தைப்பதைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் பெரும்பாலும் கடையில் புதுத் துணி வாங்கி வெட்டுகிறார்கள். அதற்கு வரலாறு இல்லை. 2005இன் தொடக்கத்தில் நாகப்பட்டினம் மாவட்டத்துச் சாலையோரங்களில் வேறு வகைத் துணியைப் பார்த்தோம். எங்கெங்கிருந்தோ லாரிகளில் வந்து கொட்டிய பழந்துணிகள், குவியல் குவியலாக, தொடுவாரற்று மழையில் கிடந்தன. 'நாங்க கந்தலா கேட்டோம்?' என்றாள் எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் பெண். அது திமிர் என்று சிலர் சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இன்னொரு உடம்பு உடுத்திய துணியில் அந்த உடம்பும் கொஞ்சம் இருக்கிறது. யாருடையது என்று தெரியாத உடம்புகளோடு அவர்கள் அந்த மாதத்தில் போதுமான பரிச்சயம் கொண்டிருந்தார்கள்.

அதே வருஷம் ஆரோவில்லில் உபாசனா என்ற வடிவமைப்புக் கூடம் சுற்றுவட்டார மீனவப் பெண்களுக்கு ஒரு வேலை தந்தது. ஆயத்த ஆடைத் தொழிலில் மிஞ்சும் துண்டுத் துணிகளைக் கொண்டு, விரலளவில் ஒரு பொம்மை. சுனாமிகா என்று பெயர். விற்பனைக்கு இல்லை, அன்பளிப்பாகவே கைமாறும். அப்படி ஒன்று என்னிடமும் வந்து சேர்ந்தது. கடலைப் பார்க்கவே அஞ்சிய பெண்கள் ஒன்றாக உட்கார்ந்து செய்தது. அதில் கிடைத்திருக்கக்கூடிய ஆறுதலை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். நினைவு மிகுந்துபோன கைகளுக்கு நினைவே இல்லாத துணியைக் கொடுத்தார்கள் என்பது, தெரிந்து செய்ததோ தெரியாமல் செய்ததோ, சரியான காரியம். யாரும் உடுத்தாத துணி என்பதால் யாருக்கும் கொடுத்துவிடவும் முடிந்தது.

அம்மாவின் விரிப்பு அந்த வகையில் சேராது. அது வங்காளத்துக் காந்தாவுக்கும், வட கன்னடத்துச் சித்திப் பெண்கள் தைக்கும் கவந்திக்கும் உறவு. வீட்டில் உடுத்திக் கிழிந்ததை அடுக்கி, வீட்டில் இருப்பவர் படுக்கவும் போர்த்தவும் தைப்பது. வறுமையில் பிறந்த கலை. அதை இன்று மன அமைதிக்கான பயிற்சி என்று மட்டும் சொன்னால், தைத்தவர்கள் சிரிப்பார்கள்.

இதற்கு நேர் எதிரான ஒரு மரபும் உண்டு. பௌத்தத் துறவியின் சீவரத்தைத் துண்டுகளை இணைத்தே தைக்கவேண்டும். மகத நாட்டு நெல்வயல்களைக் காட்டி, வரப்பும் பாத்தியுமாக அந்த மாதிரியில் சீவரத்தை அமைக்கும்படி புத்தர் ஆனந்தரிடம் சொன்னதாக விநய நூல்கள் கூறுகின்றன. குப்பையிலும் சுடுகாட்டிலும் பொறுக்கிய துணி அதற்கு உகந்தது. துண்டு துண்டாக வெட்டிவிட்டால் துணிக்கு விலை போய்விடும். இன்னாருடையது என்பதும் போய்விடும். காரைக்காலைத் தாண்டினால் நாகப்பட்டினம். ராஜராஜன் காலத்தில் ஸ்ரீவிஜய அரசன் அங்கே கட்டிய சூடாமணி விகாரத்துப் பிக்ஷுக்கள், நெல்வயல்களுக்கு நடுவே நெல்வயலை உடுத்திக்கொண்டு நடந்திருப்பார்கள். 1867இல் அங்கு எஞ்சியிருந்த செங்கல் கோபுரமும் இடிக்கப்பட்டது. துணியிலிருந்து உடம்பை விலக்குவது அவர்கள் தைத்ததன் நோக்கம். அம்மா அதே ஊசியால், அதே நூலோட்டத்தால், உடம்பைத் துணிக்குள் வைத்து மூடினாள். சட்டையை ஏன் வெட்டவில்லை என்று இப்போது புரிகிறது. வெட்டினால் அது துணியாகிவிடும்.

அந்த விரிப்பின்மேல்தான் 2019இல் இறக்கும்வரை அவள் படுத்தாள். பதின்மூன்று வருஷங்களுக்கு மேல். நாங்கள் புது மெத்தை வாங்கிக் கொடுத்தோம். அதை விருந்தாளிகளுக்கு என்று ஒதுக்கிவிட்டாள். பழக்கதோஷம் என்று நினைத்தோம். அவள் தூங்கினாள் என்பது உண்மை. எதன்மேல் தூங்கினாள் என்பதுதான் எனக்குத் தெரியாமல் போயிற்று.

ஆக, மகளிடம் நான் சொன்ன 'ஆமாம்' பாதி சரி. தைத்தது அவளுக்கு அமைதி தந்தது. அந்த அமைதியைத் துக்கம் முடிந்ததற்கான ரசீதாக வாங்கிக்கொண்டது என் தவறு. அமைதியான கையைப் பார்த்தவுடன் நமக்கு அவசரம் வந்துவிடுகிறது. இனிப் பயமில்லை என்று நாம் எழுந்து போய்விடலாம் என்ற அவசரம். நான் போனேன். அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கூடத்தில் நான் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்த நாட்களில்கூட, என் கண்ணெதிரே, அந்தச் சட்டையைத்தான் வரி வரியாகச் சுற்றி வந்துகொண்டிருந்திருக்கிறாள்.

தங்கையிடம் போனில் சொன்னேன். நெடுநேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, 'அதை எடுத்துத் தனியா வைச்சிடுண்ணே. பெட்டியில வைக்கலாம்' என்றாள். இரண்டு நாள் அப்படித்தான் வைத்திருந்தேன். பெட்டியில் அது செத்தவனின் சட்டையாக இருந்தது. விரிப்பில் அப்படி இல்லை. மூன்றாம் நாள் எடுத்து, நன்றாகக் காயவைத்து, இருந்த இடத்திலேயே, இருந்த விதமாகவே விரித்தேன். தோள்பட்டை கசங்காமல் நீவியபோது, அம்மாவும் இப்படித்தான் நீவியிருப்பாள் என்பது கைக்குத் தெரிந்தது.

இப்போது இரவில் தூக்கம் வராவிட்டால் விளக்கைப் போட்டுக்கொண்டு தைக்கிறேன். ஊசியில் நூல் கோக்கவே கால் மணி நேரம் பிடிக்கிறது. அவளுடைய தையல் முடிந்து என்னுடையது தொடங்கும் இடம் யார் பார்த்தாலும் தெரியும். என்னுடையது கோணல், கட்டத்தை விட்டு விலகி விலகி ஓடுகிறது. மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைத் தின்ற கடல் வெளியே இரைந்துகொண்டிருக்கிறது. மாத்திரையை நிறுத்திவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். சில நாட்களில் தேவைப்படவில்லை.

இன்னும் ஒரு முழம் பாக்கி இருக்கிறது.