அன்னம் வரைஞ்சவரும் வாத்துப் பெட்டியும்

1/ போன ஞாயித்துக்கிழமை கோவில்பட்டியில ஒரு உரை கேட்கப் போனேன். கடம்பூர்ல ஓபியைச் சீக்கிரம் முடிச்சிட்டு பைக்ல ஓடினேன். பேசினவர் ஒரு காலத்துல தீப்பெட்டி லேபிள் வரைஞ்சவர். வயசு 80-க்கு மேல. பேர் வேண்டாம். குறைதான் சொல்லப் போறேன், ஆனா மரியாதையும் இருக்கு.

2/ எங்க பக்கம் இது சின்ன விஷயம் இல்ல. காலண்டர் சாமி படங்களுக்குப் பேர் போன ஓவியர் கொண்டையராஜு (1976-ல காலமானார்) கோவில்பட்டியில தங்கி வரைஞ்சவர். அவரும் சீடர்களும் வரைஞ்ச படங்களை சிவகாசி அச்சகங்கள் வீட்டுக்கு வீடு கொண்டு சேர்த்துச்சு. லேபிள் வரையறதும் இதே மண்ணுல வளர்ந்த தொழில்தான்.

3/ எங்க அம்மா தீப்பெட்டி ஆபீஸ்ல லேபிள் ஒட்டினவங்க. எழுதப் படிக்கத் தெரியாது. ஆனா படத்தைப் பார்த்து எந்த பண்டல்னு சொல்லிருவாங்க. கடையில தீப்பெட்டி வாங்கின சனமும் கம்பெனி பேரையா சொன்னாங்க? படத்தைத்தான் சொன்னாங்க.

4/ நான் ஓடினதுக்குக் காரணம் வேற. போன மாசம் ஒரு ஆச்சியைத் தூக்கிட்டு வந்தாங்க. வேர்த்துக் கொட்டுது, பேச்சு குழறுது. பக்கவாதம்னு மகன் பயந்துட்டார். பார்த்தா சுகர் 42. குளுக்கோஸ் ஏத்தினதும் தெளிஞ்சிட்டாங்க.

5/ பையைக் கொட்டினா கிளிமிபிரைடு ரெண்டு கவர். ஒரே மருந்து, ரெண்டு கம்பெனி. ஒண்ணு பச்சை, ஒண்ணு வெள்ளை. ஆச்சி ரெண்டையும் முழுங்கியிருக்காங்க. படிக்கத் தெரியாதவங்களுக்கு நான் கவர் மேல படம் போட்டுக் கொடுப்பேன். சுகர் மாத்திரைக்குக் கரும்பு. ரெண்டு கவர்லயும் கரும்புதான் இருந்துச்சு.

"ரெண்டும் ஒண்ணுன்னு தெரியலையா ஆச்சி?"

"ஒண்ணு சோளத்தட்டைன்னு நெனச்சேன் ஐயா. இன்னொண்ணு மூங்கி மாதிரில்ல இருந்துச்சு."

6/ தப்பு என்னோடது. எழுத்து தெரியாதவங்களுக்கு எப்படி வரையணும்? இதைக் கேட்க அவரை விட்டா வேற யாரு?

7/ பொன்னாடை, மாலை எல்லாம் முடியவே அரை மணி நேரம். அப்புறம் 70 நிமிஷம் பேசினார். கம்ப்யூட்டர் வந்து கலையைக் கெடுத்துச்சு, கூலி பாக்கி வச்சவங்க யார் யாரு, இந்தக் காலத்துப் பசங்களுக்குப் பொறுமை இல்ல. 2021 டிசம்பர்ல, 14 வருஷம் கழிச்சு பெட்டி விலை 1 ரூபாயிலிருந்து 2 ரூபாய் ஆனப்போகூட லேபிள் வரைஞ்சவனை எவனும் நினைக்கலையாம். நியாயமான கோவம்தான். ஆனா ஒரு லேபிள்கூடக் காட்டலை. புரொஜெக்டர் சும்மாவே இருந்துச்சு.

8/ கடைசியில எழுந்து கேட்டேன். "ஐயா, என்ன படம், என்ன கலர்னு எப்படி முடிவு பண்ணுவீங்க?"

"முதலாளி புலி கேட்டா புலி, மயில் கேட்டா மயில்."

அவ்வளவுதான். உட்காரப் போனேன். அவரா ஒரு புலம்பல் புலம்பினார்: "ஒரு வாரம் உக்காந்து அன்னம் வரைஞ்சேன் தம்பி. இந்தச் சனம் வாத்துப் பெட்டி கொடுன்னு கேட்டுச்சு. முதலாளியும் அடுத்த அச்சுல வாத்துன்னே பேர் போட்டுட்டான். ரசனை கெட்ட ஊரு!" எல்லாரும் சிரிச்சாங்க.

9/ திரும்பி வர்ற வழியெல்லாம் எரிச்சல்தான். மறுநாள் ஓபியில ஒரு பெரியவருக்கு பிரஷர் மாத்திரைக் கவர்ல இதயம் வரைஞ்சேன். அந்த வாத்து ஞாபகம் வந்துச்சு. "இது என்னன்னு சொல்லுங்க பாப்போம்."

"வெத்தலை."

10/ நாலு வருஷமா நான் இதயம்னு வரைஞ்சது அவருக்கு வெத்தலை! இப்போ பைல்லயே எழுதிட்டேன்: வெத்தலை மாத்திரை. அடுத்த தடவை கம்பெனி மாறினாலும் அதே வெத்தலைதான் போடுவேன். ஆச்சிக்குச் சோளத்தட்டை. அந்த முதலாளி செஞ்சதைத்தான் நானும் செய்யறேன்.

11/ உரை ஏமாற்றம்தான், மழுப்பலை. அவர் குறையாச் சொன்னதுலதான் எனக்கு விடை இருந்துச்சு. அது அவருக்கே தெரியலைங்கறது ரொம்ப வருத்தம்.

12/ வீட்ல வயசானவங்க இருந்தா, டாக்டர்கிட்ட வரும்போது பழசு புதுசு எல்லா மாத்திரை அட்டையையும் எடுத்துட்டு வாங்க. நிறம் மாறினா மருந்து மாறிருச்சுன்னு அர்த்தம் இல்ல. அட்டையில இருக்கிற மருந்துப் பேரை ஒரு தடவை படிச்சுக் காட்டுங்க. அவங்க அந்த மாத்திரையை என்ன பேர் சொல்லிக் கூப்பிடுறாங்கன்னும் கேளுங்க.